தேவபக்தியின் பயிற்சிக்களம்

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், தேவபக்திக்கென்று உழைக்கச் சொல்லும் இடத்தில், பவுல் அப்போஸ்தலர் எடுத்தாளும் கிரேக்க வினைச்சொல் ‘கும்னாட்சோ’. ‘கும்னோஸ்’ என்றால் ஆடையற்ற என்று பொருள். கிரேக்க இளைஞர்கள் ஆடை களைந்து ஓட்டமும் மல்யுத்தமும் பழகிய இடத்துக்கு ‘கும்னாசியோன்’ என்று பெயர். இன்று தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் ‘ஜிம்’ என்று பலகை தொங்குகிறதே, அந்தச் சொல்லுக்கும் வேர் இதுதான். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘முயற்சி’ என்கிறது. நல்ல சொல்; ஆனால் பவுலின் சொல்லில் இருக்கும் வியர்வை வாடையும் களத்து மண்ணும் அதில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுல் இந்தக் களத்தை இன்னும் விரித்துக் காட்டுகிறார். அந்த நகரத்துக்கு அருகே, இஸ்த்மியாவில், பொசைதோன் என்ற கடல் தெய்வத்தின் பெயரால் இரண்டாண்டுக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடந்துவந்தது. ஓட்டக்காரனும் குத்துச்சண்டைக்காரனும் கொரிந்தியருக்குப் பழகிய முகங்கள். வென்றவனுக்குக் கிடைத்தது சில நாளில் வாடிவிடும் இலைமுடி. ஒலிம்பியாவில் போட்டியிட வந்தவர்கள், பத்து மாதம் விதிப்படி பயிற்சி எடுத்ததாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது என்று பவுசானியாஸ் என்ற பயண எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார். வாடும் முடிக்கே பத்து மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உழைக்கிறவர்கள் இருக்கும்போது, வாடாத ஒன்றை நாடுகிறவர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஓடலாம் என்று எண்ணுவது எப்படி என்பதே பவுலின் கேள்வி.

பயிற்சிக்கும் முயற்சிக்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியமானது. நூறு கிலோ எடையைத் தூக்கியே தீருவது என்று இன்று காலையில் ஒருவர் தீர்மானித்தால், மாலைக்குள் அது நடந்துவிடாது. தீர்மானம் உண்மையாக இருக்கலாம், தசை இல்லை. மன்னிப்பும் அப்படிப்பட்டதுதான். பாகப்பிரிவினையில் கூடப்பிறந்தவனே ஏமாற்றிவிட்டான் என்று தெரியவரும் அன்றைக்கு, பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, மன்னிக்க வேண்டும் என்ற வசனம் தெரியாமல் இல்லை. ஞாயிறுதோறும் கேட்டதுதான். ஆனால் பேருந்தில் காலை மிதித்தவரை, பந்தியில் தம்மைக் கவனிக்காமல் போனவரை, சபைக் கூட்டத்தில் குறுக்கே பேசியவரை மன்னித்துப் பழகாதவருக்கு அந்தப் பெரிய சுமை அன்றைக்கு எழும்பாது. நன்மையையும் தீமையையும் பகுத்தறியும் புலன்கள் பழக்கத்தால் தேர்ச்சி பெறுகின்றன என்று எபிரெயர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. அங்கும் அதே ‘கும்னாட்சோ’ வினைதான். ஆவிக்குரிய உடல்வலு என்று ஒன்று உண்டானால் அதன் அளவுகோல் இதுவே: எதிர்பாராத நாளில், யோசிக்க நேரமில்லாத நொடியில், உள்ளே இருந்து என்ன எழும்பி வருகிறது என்பது.

பவுலுக்குப் பின் இந்தப் பயிற்சியை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் எகிப்தின் பாலைவனத் துறவிகள். அவர்களில் மூத்தவர் எனப் போற்றப்படும் அந்தோணியார் ஏறத்தாழ 251-இல் பிறந்து 356-இல் மறைந்தவர். அவரைப் பற்றிய நினைவுகளில் ஒன்று, பெரிய அற்புதம் எதுவும் இல்லாதது. பாலைவனத்தில் தனியே இருந்த அவரை ஒருநாள் சலிப்பு பிடித்துக்கொண்டது. மனம் எதிலும் ஒட்டவில்லை. தான் மீட்கப்படுவது எப்படி என்று கடவுளிடம் கேட்டபடி வெளியே வந்தார். அங்கே தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து ஓலைக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் எழுந்து ஜெபித்தார். மறுபடி உட்கார்ந்து முறுக்கினார். மறுபடி எழுந்தார். அவர் ஒரு தேவதூதன் என்றும், இப்படியே செய்துவரச் சொன்னார் என்றும் கதை முடிகிறது. கிறிஸ்தவப் பயிற்சியின் இலக்கணம் முழுவதும் அந்தக் கயிற்றில் இருக்கிறது. வேலை, ஜெபம், மறுபடியும் வேலை. உணர்ச்சிப் பெருக்கு எதுவும் அதில் கேட்கப்படவில்லை.

அந்தச் சலிப்பை நுணுக்கமாக ஆராய்ந்தவர் 399-இல் மறைந்த எவாக்ரியுஸ். கான்ஸ்டான்டிநோபிளில் பெயர்பெற்ற போதகராக இருந்துவிட்டுப் பாலைவனத்துக்கு வந்தவர். மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை அவர் எட்டாக வகுத்தார். அவற்றில் மிகக் கொடியது என்று அவர் கருதியதற்குக் கிரேக்கத்தில் ‘அகேடியா’ என்று பெயர். நண்பகல் பேய் என்றும் அதைச் சொன்னார்கள். காலை பத்து மணி வாக்கில் வந்து இரண்டு மணிவரை வாட்டும். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். துறவி சன்னலை எட்டிப் பார்ப்பார். சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலை அளப்பார். யாராவது சகோதரர் பேச வருகிறாரா என்று வழியைப் பார்ப்பார். இந்த இடம் பிடிக்காது, கைவேலை பிடிக்காது, தன்மேல் அன்பு காட்ட இங்கே ஆளே இல்லை என்று படும். வேறு இடத்துக்குப் போனால் கடவுளை இன்னும் நன்றாகச் சேவிக்கலாமே என்று ஒரு நியாயமும் பிறக்கும். ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட இந்த வருணனையைப் படிக்கிற எவரும், ஜெபத்தின் நடுவே கைபேசியை எடுத்துப் பார்த்த தம் விரல்களை நினைத்துக்கொள்வார்கள். பின்னாளில் பெரிய கிரகோரியார் அந்த எட்டை ஏழாக்கினார். தமிழ்க் கத்தோலிக்கச் சிறுவர்கள் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழில் கடைசியில் வரும் ‘சோம்பல்’ இந்த அகேடியாவின் வழித்தோன்றல். சோம்பல் என்ற சொல் அதற்குக் குறைதான். அகேடியா பிடித்தவர் சும்மா இருப்பதில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருக்க முடியாமல் ஓடிக்கொண்டே இருப்பார்.

எவாக்ரியுஸ் சொன்ன மருந்து எளியது: அறையை விட்டுப் போகாதே. ஜெபம் இனிக்காதபோது ஜெபத்தை நிறுத்தாதே, கையிலிருக்கும் வேலையையும் போட்டுவிடாதே. வறட்சிக் காலம் பயிற்சி பலிக்காததற்கு அடையாளம் என்று பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். உடற்பயிற்சி செய்கிறவருக்குத் தசை வலிக்கும் நாட்களே தசை வளரும் நாட்கள் என்பது தெரியும். ஆவிக்குரிய வாழ்க்கையில் மட்டும் வலி இல்லாத வளர்ச்சியை எதிர்பார்ப்பது அனுபவத்துக்கு ஒத்துவருவதில்லை.

பாலைவனம் இன்னொரு பாடத்தையும் கண்ணீரோடு கற்றது. ஜான் காசியன் பதிவுசெய்த ஹெரோன் என்ற முதியவரின் கதை அது. ஐம்பது ஆண்டு பாலைவனத்தில் இருந்தவர். எல்லாரையும்விடக் கடுமையாக உபவாசித்தவர். ஈஸ்டர் நாளில்கூட, சகோதரர்களோடு உட்கார்ந்து உண்டால் தன் கட்டுப்பாடு தளர்ந்துவிடும் என்று பந்திக்கு வரமாட்டார். யாரிடமும் ஆலோசனை கேட்கமாட்டார். கடைசியில், தன் புண்ணியத்தால் தனக்குத் தீங்கு நேராது என்று நம்பி, ஆழமான கிணற்றுக்குள் தலைகீழாகக் குதித்தார். அரை உயிராகத் தூக்கியெடுத்தார்கள்; மூன்றாம் நாள் இறந்தார். காசியன் இந்தக் கதையைச் சொல்வது பகுத்துணர்வு என்ற குணத்தைப் பற்றிப் பேசும் இடத்தில். அளவு தெரியாத பயிற்சி, பிறர் கண்ணுக்கு மறைத்த பயிற்சி, சாத்தானுக்கு வாய்ப்பான கருவி என்பது அவர் முடிவு. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துக்கு ஒழுங்கு எழுதியபோது, கடுமையானதும் பாரமானதும் எதையும் விதிக்கக்கூடாது என்றே தொடங்கினார். தூங்க நேரம், உண்ண உணவு, நோயாளிக்குச் சலுகை எல்லாம் அதில் உண்டு. அந்த ஒழுங்கு இன்றும் உயிரோடு இருப்பதற்கு அந்த மிதமே காரணம்.

கணக்குப் பார்த்துச் செய்யும் பக்தி எங்கே போய் முடியும் என்பதைத் தன் உடம்பிலேயே அறிந்தவர் மார்ட்டின் லூதர். 1505-இல் எர்ஃபுர்ட் நகரின் அகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்த அவர், வேளைக்கு வேளை சொல்ல வேண்டிய ஜெபங்களைக் கல்விப் பணியின் நெருக்கடியில் சொல்ல முடியாமல் போனபோது, பாக்கியைச் சேர்த்துவைத்து வாரக் கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு உண்ணாமல் குடிக்காமல் சொல்லித் தீர்த்ததாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கடன் அடைப்பது போன்ற ஜெபம். அதிலிருந்து அவர் வெளியே வந்த கதை உலகம் அறிந்தது. ஆனால் வெளியே வந்தவர் ஜெபத்தின் ஒழுங்கைக் கைவிட்டாரா என்று பார்த்தால், இல்லை.

அதற்குச் சாட்சி 1535-இல் வெளிவந்த ஒரு சிறு நூல். விட்டன்பெர்க்கில் லூதருக்கு முடி திருத்திய பேட்டர் பெஸ்கென்டோர்ஃப், சாதாரண மனிதன் எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். லூதர் அவருக்காகவே எழுதினார். மனம் குளிர்ந்துபோய் ஜெபிக்க விருப்பமற்றுக் கிடக்கும்போது, தாம் சிறிய சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவதாகவும், சபை கூடும் வேளையானால் கோயிலுக்கே போய்விடுவதாகவும் சொல்கிறார். பிறகு பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் குழந்தை ஒப்பிப்பது போல வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாராம். ஒவ்வொரு கட்டளையிலும் நான்கு கேள்விகள்: இது எதைக் கற்றுத்தருகிறது, எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். இடையில் நல்ல எண்ணம் ஒன்று தானாக எழுந்தால் முறையை விட்டுவிட்டு அதைக் கேட்டு அமைதியாக இருக்க வேண்டும். பேசுகிறவர் பரிசுத்த ஆவியானவர். நல்ல நாவிதனின் கண் கத்தியிலும் முடியிலும் இருக்கும், வாயைப் பேச்சிலும் கண்ணைத் தெருவிலும் விட்டால் மூக்கோ தொண்டையோ போய்விடும், ஜெபமும் அப்படித்தான் என்று அவருடைய தொழிலிலிருந்தே உவமை எடுத்துக் காட்டுகிறார்.

அந்த நாவிதரின் பிற்கால வாழ்க்கையை மறைத்துச் சொல்வது நேர்மை ஆகாது. அதே ஆண்டில், ஒரு விருந்து மேசையில், எந்தக் காயமும் தன்னைக் கொல்லாது என்று பெருமை பேசிய மருமகனைப் பேட்டர் கத்தியால் குத்தினார், மருமகன் இறந்தார். லூதரும் மற்றவர்களும் பரிந்து பேசியதால் உயிர் தப்பி நாடுகடத்தப்பட்டார். அழகான ஜெபமுறை கையில் இருப்பது ஒன்று, அது கைக்குள் ஊறியிருப்பது வேறு. பயிற்சி மந்திரம் அல்ல. ஒரு புத்தகத்தைப் படித்ததால் ஒருவர் வலுப்பெற்றுவிடுவதில்லை. விழுந்தவரை லூதர் கைவிடவில்லை என்பதும் இந்தக் கதையில் சேர்ந்தே சொல்லப்பட வேண்டியது.

லூதரின் காலத்திலேயே, எதிர்முகாமில், பயிற்சி என்ற சொல்லையே நூலின் பெயரில் வைத்தவர் இஞ்ஞாசியார். 1521-இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு காலை முறித்தது. படுக்கையில் மனம் மாறியது. மன்ரேசா ஊரில் எழுதத் தொடங்கிய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548-இல் பாப்பரசரின் ஒப்புதல் பெற்றது. நடப்பதும் ஓடுவதும் உடலுக்கு எப்படியோ அப்படியே இவை ஆன்மாவுக்கு என்று நூலின் தொடக்கத்திலேயே விளக்குகிறார். முப்பது நாள் தியானத்தைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். அதே நூலில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பக்கத்தில் சில கோடுகள் இருக்கின்றன. ஏழு நாளுக்கும் நாளுக்கு இரண்டு கோடு. ஒருவர் தன் குறைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார். கோபம் என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் எழும்போது அதைக் குறித்து எச்சரிக்கையாக இருக்கத் தீர்மானிக்கிறார். மதியம் சாப்பிட்ட பிறகு, அதுவரை எத்தனை முறை விழுந்தோம் என்று மணிக்கணக்காக நினைத்துப் பார்த்து முதல் கோட்டில் அத்தனை புள்ளி வைக்கிறார். இரவு உணவுக்குப் பின் இரண்டாம் கோட்டில் புள்ளி. நேற்றைய கோட்டோடு இன்றையதை ஒப்பிடுகிறார். பகலில் விழுந்த அந்த நொடியிலேயே கையை மார்பில் வைக்க வேண்டும். கூட்டத்தின் நடுவிலும் யாரும் கவனிக்காமல் இதைச் செய்யலாம். ஒரே நேரத்தில் எல்லாக் குறைகளோடும் மோதாமல் ஒன்றோடு மட்டும் மோதச் சொல்வதில்தான் இந்த முறையின் அனுபவ ஞானம் இருக்கிறது.

இந்தக் கோடுகள் தமிழகத்துக்கும் வந்தன. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு மறைசாட்சியான அருளானந்தர், அவர்களுக்குப் பின் வந்த வீரமாமுனிவர் மூவரும் இந்தப் பயிற்சியில் வார்க்கப்பட்ட இயேசு சபையினர். தேம்பாவணிப் புலவரான வீரமாமுனிவரே, ஊர் ஊராக மறைக்கல்வி சொல்லும் எளிய வேதியர்களுக்காக 1727-இல் ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலையும் எழுதினார். பிறருக்குப் போதிப்பவன் முதலில் தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையை அந்தப் பெயரே சொல்லும்.

இங்கே சீர்திருத்த சபைகளில் வளர்ந்தவர்களுக்கு நியாயமான ஐயம் ஒன்று எழும். மீட்பு கிருபையினால் என்றால் இந்தப் பயிற்சிகள் எதற்கு? இந்தக் கேள்வி 1739–40-இல் லண்டன் ஃபெட்டர் லேன் சங்கத்தைப் பிளந்தது. முழு விசுவாசம் வரும்வரை ஜெபம், வேத வாசிப்பு, திருவிருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சும்மா காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரியைகளை நம்பினவராகிவிடுவோம் என்று சிலர் கற்பித்தார்கள். ஜான் வெஸ்லி இதை ஏற்கவில்லை. ஏற்காததற்கு அவருக்குத் தகுதி இருந்தது. ஆக்ஸ்போர்டில் 1729 முதல் நேரம் குறித்து ஜெபித்து, புதன், வெள்ளி உபவாசித்து, சிறைகளுக்குப் போய், ‘மெதடிஸ்ட்’ என்று கேலிப்பெயர் வாங்கியவர் அவர். அத்தனையும் தனக்குச் சமாதானம் தரவில்லை என்று 1738 மே 24-க்கு முன் உணர்ந்தவரும் அவரே. கிறிஸ்துவை மட்டுமே நம்பும் உறுதி உள்ளத்தில் பிறந்த அந்த நாளின் மாலைக்குப் பிறகு அவர் ஒழுங்குகளை விட்டுவிடவில்லை. அவற்றின் இடம் மட்டும் மாறியது. இவை கிருபையைச் சம்பாதிக்கும் கூலிவேலை அல்ல, கிருபை வரும் என்று கடவுளே குறித்துவைத்த வழிகள். வழியில் போய் நிற்பவன் மழையை உண்டாக்குவதில்லை, ஆனால் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருப்பவன் நனைவதும் இல்லை. வெஸ்லியின் நிலையை இப்படிச் சுருக்கலாம். 1740-இல் அவர் அந்தச் சங்கத்தைவிட்டுப் பிரிந்தார்.

வெஸ்லியின் பெரிய கண்டுபிடிப்பு ஒரு கடனிலிருந்து பிறந்தது. 1742 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்டுகள் தங்கள் ஜெபக்கூடம் கட்டிய கடனை எப்படி அடைப்பது என்று கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று ஃபாய் என்ற கப்பல் தலைவர் யோசனை சொன்னார். பலர் ஏழைகள், அதுவும் முடியாது என்று மறுப்பு வந்தது. அப்படியானால் மிக ஏழைகளான பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், நான் வாரம்தோறும் அவர்களைப் பார்ப்பேன், கொடுக்க முடியாதவருக்கு நானே கொடுப்பேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படியே பொறுப்பேற்றார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் வேறு பலவற்றைக் கண்டார்கள். ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் ஜெபம் நின்று மாதக்கணக்கு. தலைவர்கள் வந்து சொன்னதும், இத்தனை நாள் தேடியது இதுதான் என்று வெஸ்லி உணர்ந்தார். பன்னிருவர் அளவிலான ‘கிளாஸ்’ கூட்டங்கள் இப்படி உருவாயின. வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் தன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று மற்றவர் முன் சொல்ல வேண்டும். நெசவாளியும் சுரங்கத் தொழிலாளியும் வேலைக்காரப் பெண்ணும் சொன்னார்கள். அந்த இயக்கம் தலைமுறை தாண்டி நின்றதில் வெஸ்லியின் பிரசங்கங்களைவிட இந்தச் சிறு கூட்டங்களுக்கு அதிகப் பங்கு உண்டு. அந்த மரபின் ஒரு கிளை 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் வந்து கலந்தது. ஆயிரம் பேர் கூடும் கன்வென்ஷன் பந்தல்கள் இன்று தமிழ்நாட்டில் குறைவில்லை. இந்த வாரம் யாரிடம் கோபப்பட்டீர்கள் என்று அன்போடு கேட்கும் பன்னிரண்டு பேர் பல சபைகளில் இல்லை. அந்தக் குறை ஹெரோனின் கிணறு அளவுக்கு ஆழமானது.

நேரம் இல்லாதவர்களுக்கு என்ன வழி? விடியற்காலை தண்ணீர் பிடிக்க எழுந்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணிடம் ஒரு மணி நேரத் தியானம் கேட்பது கொடுமை. பதினேழாம் நூற்றாண்டுப் பாரிசில் கார்மேல் மடத்து மடைப்பள்ளியில் வேலை செய்த லாரன்ஸ் சகோதரர் அவர்களுக்கு நல்ல துணை. சமையல் அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை. பதினைந்து ஆண்டு செய்தார். பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலேயே கடவுளோடு பேசிப் பழகினார். மனம் விலகியதை உணர்ந்தால் வருந்திக்கொண்டே இராமல் திரும்பிவந்தார். அந்தத் திரும்பிவருதலே அவருடைய பயிற்சி.

கடைசியாக ஜெர்மனி. ஹிட்லரின் ஆட்சிக்குத் தலைவணங்க மறுத்த திருச்சபையினருக்காக டீட்ரிக் போன்ஹோஃபர் 1935-இல் ஃபின்கென்வால்டே என்ற இடத்தில் குருத்துவக் கல்லூரி நடத்தினார். காலையில் அரை மணி நேரம் மௌனம். வேதத்தின் சில வசனங்கள் மட்டும். வாரம் முழுவதும் அதே வசனங்கள். விளக்கவுரை பார்க்கக்கூடாது, பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்கக்கூடாது. மாணவர்களுக்கு இது பெரும் சுமையாக இருந்தது. அவர் விடவில்லை. 1937-இல் அரசின் இரகசியப் போலீசார் கல்லூரியை மூடினார்கள். 1943 ஏப்ரலில் அவர் கைதானார். ஹெர்ன்ஹூட் சபையார் 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டுவரும், நாளுக்கு நாள் வசனம் குறித்த சிறிய கையேட்டை அவர் சிறையிலும் பயன்படுத்தினார்.

1945 ஏப்ரல் 8, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. பவேரியாவில் ஷோன்பெர்க் கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பல நாட்டுக் கைதிகள் அடைபட்டிருந்தார்கள். ஆராதனை நடத்தும்படி அவரைக் கேட்டார்கள். கத்தோலிக்கர்களும் ஒரு சோவியத் நாட்டு நாத்திகரும் உடன் இருந்ததால் முதலில் தயங்கினார். அவர்களும் கேட்கவே ஒத்துக்கொண்டார். ஜெபம் முடிந்த சற்று நேரத்தில் இருவர் வந்து அவர் பெயரைச் சொல்லி அழைத்துப்போனார்கள். மறுநாள் விடியலில் ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். அந்தப் பள்ளி அறையில் அவர் எடுத்துப் பேசியவை ஏசாயா 53-ஆம் அதிகாரம் ஐந்தாம் வசனமும், பேதுருவின் முதல் நிருபம் முதல் அதிகாரம் மூன்றாம் வசனமும். அன்றைய தேதிக்கு அந்தக் கையேடு குறித்திருந்த வசனங்கள் அவை.